அவரை ‘மூடி மணியம்’னு எழுதாதீங்க

மணியம் அண்ணன் போயிட்டாரு. இன்னிக்குக் காலையில, கிள்ளான் வீட்டுல. ஹார்ட் அட்டாக்.

பழைய ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தர், "மூடி மணியம்... ரெஸ்ட் இன் பீஸ்"னு போட்டிருக்கார். கீழே நாலு பேர் அதே பேரைச் சொல்லி அஞ்சலி. யாரும் கெட்ட எண்ணத்துல எழுதலை. ஆனா அதைப் படிச்சிட்டு என்னால சும்மா இருக்க முடியலை.

தெரியாதவங்களுக்கு... சுபாங்ல எங்க கம்பெனிக்கு ஒரு பழைய ரெட்டை இன்ஜின் விமானம் இருந்துச்சு. மேப் போடறதுக்காக மேலே இருந்து படம் எடுக்கிற வேலை. நாங்க பிறக்கிறதுக்கு முன்னாடியே செஞ்ச பிளேன். அண்ணன் மெக்கானிக், நான் கேமரா. ரெண்டு பேரும் கூடவே பறப்போம்.

"ஆன்டிக்கு இன்னிக்கு உடம்பு தேவலை"ன்னு இன்ஜினைத் தட்டிக் கொடுத்துட்டுத்தான் ஏறுவாரு. பிளேனுக்கு அவர் வச்ச பேரு ஆன்டி.

பிளேன் வயித்துல ஒரு ஓட்டை, அதுலதான் கேமரா. தரையில நிக்கும்போது எண்ணெய் தெறிக்காம இருக்க அடியில ஒரு தகர மூடி. கிளம்புறதுக்கு முன்னாடி அதைக் கழட்டணும். அது என் வேலை. அவர் வேலை இல்லை.

ஒரு வாரமா மேகம், புகைமூட்டம். ஒரு காலையில திடீர்னு வானம் தெளிஞ்சது. பைலட் அவசரப்படுத்துறாரு.

"மூடி எடுத்தாச்சா தம்பி?"

"ஆச்சுண்ணே."

எடுக்கலை.

மூணு மணி நேரம் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் நடுவுல கோடு கோடா போய் வந்தோம். ஃபிலிம் ரோல் முழுக்க ஒண்ணுமே இல்லை.

இறங்கினதும் அண்ணன் குனிஞ்சு பாத்தாரு. அப்புறம் என்னைப் பாத்தாரு.

எனக்கு வேலை இன்னும் நிரந்தரம் ஆகலை. மகள் பிறந்து ஒரு மாசம். பாஸ் கத்த ஆரம்பிச்சதும் அண்ணன் முந்திக்கிட்டாரு. "நான்தான் பாஸ், சரியா பாக்கலை."

நான் வாயைத் திறக்கலை.

அவரை ஷா ஆலம் ஸ்டோருக்கு மாத்திட்டாங்க. அப்புறம் அந்த பிளேன்ல அவர் ஏறவே இல்லை. பேரு மட்டும் ஒட்டிக்கிச்சு. அந்தப் பேரைச் சொல்லி நானும் சிரிச்சிருக்கேன். ஆமா, நானும்.

பிளேனைப் பழைய இரும்புக்குப் போட்ட அன்னிக்கு லீவு எடுத்துட்டு வந்தாரு. லோரியில ஏத்தி முடிக்கிற வரைக்கும் வேலிக்கு அந்தப் பக்கமே நின்னாரு. கிட்ட வரலை.

போன வருஷம் பிரிக்பீல்ட்ஸ்ல சாப்பிட உக்காந்தோம். சொல்லிடணும்னு, "அண்ணே, அந்த மூடி..."ன்னு ஆரம்பிச்சேன்.

"தோசை ஆறுது, சாப்பிடு லா."

நானும் சாப்பிட்டேன். பாவி.

இப்போ அவர் வீட்டு முன்னாடி காருக்குள்ள உக்காந்து டைப் பண்றேன். அண்ணனோட சம்சாரம் ஃபோன் பண்ணினாங்க. "தம்பி, அவர் கூடப் பறந்தவர் நீங்கதான். நாலு வார்த்தை பேசுங்க. அப்பா ஸ்டோர்ல இருந்தாருன்னு மட்டும்தான் பையனுக்குத் தெரியும்."

என்ன பேசுவேன்... எந்த வாயால பேசுவேன்...

குரூப்ல இருக்கிறவங்க எல்லாரும் கேட்டுக்குங்க. மூடியை மறந்தது நான். அந்தப் பேரை அழிச்சிடுங்க, கெஞ்சிக் கேக்குறேன். வேணும்னா என் பேரோட சேத்துக்குங்க.

உள்ளே வரேன் அண்ணே. பையன்கிட்ட முதல்ல சொல்றேன்.

போயிட்டு வாங்க.