பாம்பு கடிக்காத சாமி

குற்றாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு நாட்டார் கதை சொல்லப் போவேன். போன மாதம் அந்த ஊர் ஓடைக்கரைச் சாமியின் கதையை எடுத்துக்கொண்டேன். பெரிய வீட்டுப் பெண்ணை விரும்பியதற்காக அவள் வீட்டார் வெட்டிக் கொன்ற ஒருவன்தான் அங்கே சாமியாக நிற்கிறான்.

தலைமையாசிரியை என்னை வராந்தாவிலேயே மறித்தார். "சார், வெட்டுனதெல்லாம் வேண்டாம். பாம்பு கடிச்சு செத்தான்னு மாத்திருங்க. பேரன்ட்ஸ் சண்டைக்கு வந்துருவாவ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருஷா வருஷம் சாமியின் கொடைத் திருவிழாவில் ஒலிபெருக்கி கட்டி, ஊரே உட்கார்ந்து வில்லுப்பாட்டில் கேட்கிற கொலை வகுப்பறையில் மட்டும் ஆகாதாம். அப்படியே திரும்பி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அடுத்த வாரமும் கூப்பிட வேண்டுமே என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனேன்.

கதையில் பாம்பு வந்தது, கடித்தது, அவன் செத்துச் சாமியானான். சொல்லும்போதே என் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது.

நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்தாள். "சார், எங்க தாத்தாவோட தாத்தாதான் அவர வெட்டுனாவ. அதான் கொடைக்கு எங்க வீட்டுப் பொங்கப்பானைய மொதல்ல ஏத்துதோம். எங்கப்பா சாமி முன்னால விழுந்து மன்னிப்பு கேட்ட பொறவுதான் மேளமே அடிப்பாவ."

"ஏட்டி, உக்காரு" என்று வாசலில் நின்ற தலைமையாசிரியை அதட்டினார்.

அவள் உட்காரவில்லை. என்னையே பார்த்துக் கேட்டாள்: "பாம்பு கடிச்சதுக்கு எங்கப்பா எதுக்கு சார் மன்னிப்பு கேக்காவ?"