சிலந்தி மருந்தும் கற்பூரப் பேணியும்

எனக்கு ஒன்பது வயதாக இருந்த மாரியில் அம்மாவுக்கு ஒரு குளிர் வந்தது. பின்னேரம் சரியாக நாலு மணிக்கு வரும், ஐந்தரைக்குப் போகும். கல்லடியில் எங்கள் வீட்டின் பின்வேலிக்கு அப்பால் வாவி. மழை பிடித்தால் சுவரெல்லாம் ஈரம் ஊறும். ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்து, பயப்பட ஒன்றுமில்லை என்று குளிசை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அப்பா கட்டாரில் வேலை. வீட்டில் நானும் அம்மாவும்தான். மூன்றரை ஆனாலே மணிக்கூட்டுக்கு முன்னால் போய் நின்றுவிடுவேன். மணிக்கூட்டின் பற்றரியைக் கழற்றி வைத்தால் நாலு மணி வராது என்று ஒருநாள் அதையும் செய்து பார்த்தேன். குளிர் அம்மாவின் போனைப் பார்த்து வந்ததோ என்னவோ, நேரத்துக்கு வந்து சேர்ந்தது.

அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, தபால் கந்தோரில் வேலை பார்த்துக்கொண்டே புத்தகங்களை வைத்து ஹோமியோபதி படித்தவர். பாலம் தாண்டி மோட்டார் சைக்கிளில் வந்து, அம்மாவை முன்னால் இருத்திக் கேள்வி கேட்டார். மழைக்குக் கூடுதா? எலும்புக்குள்ள குளிருதா? நித்திரையால எழும்பக்குள்ள கை பெருத்த மாதிரி இருக்கா? கடைசிக் கேள்விக்கு அம்மா ஓமென்றதும் மாமாவின் முகத்தில் வந்த சந்தோசம் எனக்கு ஆத்திரத்தை மூட்டியது.

"இது சிலந்தி மருந்து, தங்கச்சி. முதுகில சிலுவை போட்ட வெள்ளைக்காரச் சிலந்தியில இருந்து எடுக்கிறது. தண்ணிக்கரையில இருக்கிற ஆக்களுக்கு, மணி தவறாம வாற குளிருக்கு, அந்தக் காலத்திலயே இதைத்தான் குடுத்தவங்க."

அதற்குமேல் அவர் பத்தியம் சொல்லத் தொடங்கியபோது என்னை ரியூசனுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மாமா கொடுத்துவிட்டுப் போன புட்டிக்குள் இருந்தவை கடுகைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைக் குளிசைகள். எனக்கோ ஒவ்வொன்றிலும் எட்டுக் கால் தெரிந்தது. போதாக்குறைக்கு, அன்றிலிருந்து அம்மா சாமியறையில் விளக்கை மட்டும் ஏற்றினார். கற்பூரம் கொளுத்துவதை நிறுத்திவிட்டார். வீட்டுக்குள் சிலந்தி நஞ்சு வந்திருக்கிற நேரத்தில் பிள்ளையாருக்குக் கற்பூரமும் இல்லையென்றால் அவர் எப்படிக் காப்பாற்றுவார்? அம்மா குளிக்கப் போன நேரம், மூடியைக் கழற்றி, புட்டியைக் கற்பூரம் போட்டு வைக்கும் தகரப் பேணிக்குள் நிறுத்தி, நஞ்சை எடுத்துவிடும்படி நூற்றெட்டுத் தரம் கும்பிட்டேன். எழுபதுக்குப் பிறகு எண்ணிக்கை பிசகியிருக்கலாம்.

மறுநாள் மாமா வந்தார். குளிர் நிற்கவில்லை என்றதும் அவருக்கு முகம் கறுத்தது.

"வீட்டில கற்பூரம் கொளுத்தினீயா? படிச்சுப் படிச்சுச் சொன்னன்தானே. அந்த மணம் பட்டாலே மருந்து செத்துப்போயிரும்."

சிலந்தியிடமிருந்து அம்மாவைக் காப்பாற்றப் போய், அம்மாவைக் காப்பாற்ற இருந்த ஒரே மருந்தை நானே கொன்றுவிட்டேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மாமா புட்டிக்குக் கையை நீட்டினார். அதற்குள் அம்மா அதை எடுத்து, திறந்து, மூக்கருகே பிடித்தார். நாலடி தள்ளி நின்ற எனக்கே கற்பூரம் குப்பென்று மணந்தது. அம்மா ஒரு தரம் என்னைப் பார்த்தார்.

"ஒண்டும் மணக்கல்ல அண்ணா."

மூடியில் மூன்று குளிசையைத் தட்டி வாயில் போட்டுக்கொண்டு, புட்டியை இறுக்கி மூடித் தன் சட்டைப் பைக்குள் வைத்தார்.

என் பயம் இரண்டு மடங்காயிற்று. அம்மாவுக்கு மூக்கும் போய்விட்டது. முதலில் குளிர், இப்போது மூக்கு, அடுத்தது கண்ணா காதா? அம்மாவைச் சுற்றிச் சுற்றி வந்தேன். தூர நின்று மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்டேன். அம்மா ஒவ்வொரு தரமும் சரியாகச் சொன்னார், ஏனென்று மட்டும் கேட்கவில்லை.

பிறகு மழை விட்டது. ஒருநாள் நாலு மணி வந்தது, ஐந்தரையும் வந்தது, குளிர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. எது சுகமாக்கியது என்று இன்றும் எனக்குத் தெரியாது. மாமா சிலந்தியின் பெருமையைக் காண்கிறவர்களுக்கெல்லாம் சொன்னார். அம்மா ஓமென்று தலையாட்டினார்.

அந்தக் கிழமையே அம்மா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்தே கூப்பிட்டார்.

"புள்ள, பால் அடிப்பிடிக்கிற மணம் வருது. ஓடிப்போய் இறக்கு."

பாலை இறக்கிவிட்டு நேரே சாமியறைக்கு ஓடினேன். அம்மாவின் மூக்கைத் திருப்பிக் கொடுத்ததற்காகப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன். வேறு விதமாக நினைக்க அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.