சயனைடு மேட்டடியில் ஒரு கிரிக்கெட் கிரவுண்டு

என் வீட்டுக்காரரை வீட்டை விட்டுத் துரத்தியது எங்கள் லைன் கிரிக்கெட் கமிட்டியின் தலைவன். காற்றுதான் துரத்தியது என்று அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். காற்று வருஷா வருஷம் வருகிறது. மேட்டின் அடியை ஜேசிபி வைத்து வெட்டியது இந்த வருஷம்தான்.

கோலார் தங்கவயலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு எங்கள் மேட்டைப் பற்றித் தெரியாது. சுரங்கத்திலிருந்து எடுத்த கல்லை மாவாக அரைத்து, சயனைடு கலந்த தண்ணீரில் தங்கத்தைப் பிரித்துக்கொண்டு, மிச்ச மாவை மலைமலையாகக் கொட்டி வைத்தார்கள். சுரங்கத்தை மூடிவிட்டுப் போனவர்கள் அந்த மலைகளை எங்களுக்கு விட்டுவிட்டுப் போனார்கள். தங்கவயலில் கோரமண்டல் என்கிற பகுதியில், சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகள் அப்படி ஒரு மேட்டுக்கு நேர் கீழே இருக்கின்றன. மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து, மேட்டின் மேல் ஒரு பொருக்கு கட்டியிருக்கும். அதை யாரும் தொடமாட்டோம். சின்ன வயதில் அதன்மேல் தகரம் போட்டுச் சறுக்கினால் வீட்டில் விளக்குமாற்றால் அடி விழும். பொருக்கு உடையாத வரைதான் தூசி கொஞ்சமாவது அடங்கிக் கிடக்கும். மூக்கு ஒழுகுகிற பிள்ளைக்கும் இது தெரியும்.

சித்திரை கடைசியில் காற்று எடுக்கும். பெங்களூர் வேலைக்குப் போகிறவர்கள் விடியுமுன்னே ரயில் ஏறிவிடுவார்கள். லைனில் மிச்சம் இருப்பது வயசானவர்கள், பெண்கள், லீவு விட்ட பிள்ளைகள். வெயில் ஏறுமுன் துணியைக் காயவைத்து எடுத்துவிட வேண்டும். வடகம் போடுவதெல்லாம் எங்களுக்குக் கிடையாது, போட்டால் பல்லில் நறநறக்கும். மேட்டைப் பார்த்த ஜன்னலைச் சாக்கு வைத்து அடைத்துவிட்டு, வாசல் கதவில் ஈரச் சாக்கைத் தொங்கவிடுவோம். மாம்பழத்தைக்கூடக் கதவைச் சாத்திக்கொண்டுதான் தின்போம். இதெல்லாம் எங்களுக்குப் பழக்கம். இதற்காக நான் யாரிடமும் போய் அழவில்லை.

என் வீட்டுக்காரர் சுரங்கம் மூடும்வரை உள்ளே வேலை பார்த்தவர். கல் தூசி நெஞ்சில் படிந்துவிட்டது. ஒரு வாளி தண்ணீர் தூக்கினால் அப்படியே உட்கார்ந்துவிடுவார். ஆனாலும் சும்மா படுத்திருக்கமாட்டார். என் சமையலில் குறை சொல்வதற்காவது எழுந்து வருவார்.

பரீட்சை முடிந்ததும் கமிட்டி ஒரு டோர்னமென்ட் நடத்தும். வழக்கமாக ஸ்கெலட்டன் என்கிற இன்னொரு லைன் பக்கம் ஒரு மைதானத்தில் நடக்கும். இந்த வருஷம் அங்கே இருப்பவர்களோடு தலைவனுக்கு ஏதோ தகராறு. நம் லைனுக்கே சொந்த கிரவுண்டு வேண்டும் என்று கிளம்பிவிட்டான். ஒரு நாள் காலையில் கடகடவென்று சத்தம். போய்ப் பார்த்தால் மேட்டின் அடியை ஜேசிபி வழித்துக்கொண்டிருக்கிறது. உள்ளே இருந்த மாவு வெளுப்பாகத் திறந்து கிடந்தது.

"டேய், இன்னாடா பண்ற?" என்று ஜேசிபி பக்கத்தில் நின்ற தலைவனைக் கேட்டேன்.

"கிரவுண்டு யக்கா. பசங்க வேற எங்க போயி ஆடுவாங்க? செல்லுலயே மூஞ்ச பொதச்சினு கெடக்கட்டுமா?"

"பொருக்க ஒடச்சிட்டியே. காத்து எடுத்தா இன்னா ஆவும்?"

"லாரி வெச்சி தெனம் தண்ணி அடிப்போம். நீ டென்ஷன் ஆவாத. நான் பாத்துக்கறேன்."

"குடிக்கவே லாரி வரல. நீ மண்ணுக்கு ஊத்தப் போறியா?"

அவன் பக்கத்தில் நின்ற பையன் ஒருவன், "யக்கா எலெக்ஷன்ல நிக்கலாம் குரு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். தலைவனும் சிரித்தான். அவன் அப்பாவும் சுரங்கத் தொழிலாளிதான். இதே நெஞ்சு நோயில்தான் போனார். கடைசி நாட்களில் கஞ்சி வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். அந்த மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு இழுத்ததை இவன் பக்கத்தில் இருந்து பார்த்தவன். தெரியாமல் செய்தான் என்று யாரும் என்னிடம் வந்து சொல்ல வேண்டாம்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். என் வீட்டுக்காரர் என் பக்கம் பேசவில்லை. "பசங்க ஆடட்டும் மே. நம்ம லைன்ல இன்னா கீது அதுங்களுக்கு?" என்றார். டோர்னமென்ட் தொடங்கின அன்று கதவருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஆட்டம் பார்த்தார். ஒருவன் சிக்ஸர் அடித்ததற்குக் கைதட்டி, அதற்கே இருமினார்.

தண்ணீர் லாரி வரவே இல்லை. அன்று மதியம் நான் அவருக்கு மாத்திரை வாங்க ஆண்டர்சன்பேட்டைக்குப் போயிருந்தேன். கடையில் நிற்கும்போதே காற்று எடுத்துவிட்டது. கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். எங்கள் லைன் இருக்கும் திசையில் வானம் வெளுத்துக் கிடந்தது. ஆட்டோ கிடைக்கவில்லை. வெயிலில் ஓடினேன். இந்த வயதில் ஓடினேன்.

பக்கத்து வீட்டுப் பெண் அவரை வெளியே இருக்கும் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில்தான் கண்டுபிடித்திருக்கிறாள். தரையில் உட்கார்ந்திருந்தாராம். கையில் சொம்பு. உதடு நீலம். நான் போய்ச் சேரும்போது அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்து, மறுநாள்தான் பேச்சு வந்தது.

"எதுக்குயா வெளிய வந்த?"

"அடங்கிடுச்சி மே. அதான் வந்தேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சுரங்கத்தில் வெடி வைத்தால் உடனே உள்ளே போகக் கூடாது. தூசியும் புகையும் அடங்கும்வரை தள்ளி உட்கார்ந்திருக்க வேண்டும். அடங்கினதும் தண்ணீர் தெளித்துவிட்டு உள்ளே போகலாம். அவர் அதைத்தான் செய்திருக்கிறார். ஈரச் சாக்குக்குப் பின்னால் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார். வெளுப்பு இறங்கினதும் சொம்பில் தண்ணீர் எடுத்து வாசலில் தெளித்திருக்கிறார். பிறகு டிரம்மை மூடப் போயிருக்கிறார், குடிக்கிற தண்ணீர் ஆயிற்றே. பாதி வழியில் அடுத்த காற்று வந்துவிட்டது.

"வெடி ஒருவாட்டிதான மே வெடிக்கும்" என்றார். சிரிக்கப் பார்த்தார். நான் திரும்பிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் தலைவன் பிரெட்டும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு வந்தான். கட்டில் பக்கம் நின்று, "காத்து யக்கா, இன்னா பண்றது? யாரு கையில கீது?" என்றான்.

"உங்க அப்பனுக்கும் இதே பிரெட்டுதான் வாங்கினு வந்தியா?" என்றேன்.

பையைக் கட்டில்மேல் வைத்துவிட்டுக் கிளம்பினான். பிரெட்டை நர்ஸிடம் கொடுத்துவிட்டேன். மேட்ச் மட்டும் நிற்கவில்லை. காலையில் காற்று இல்லாத நேரத்தில் ஆடுகிறார்களாம். பெரிய மனசு.

தூசி நிற்கும்வரை அந்த வீட்டுக்குக் கூட்டிப் போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இன்னொரு தடவை இப்படி ஆனால் தாங்காது என்றார். அதனால் அவர் இப்போது பங்காருபேட்டையில் எங்கள் மகள் வீட்டில் இருக்கிறார். மாடி வீடு. ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. மகள் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாள். ஆனால் அவர் போன் செய்து ஒன்றைத்தான் கேட்கிறார்.

"காத்து நின்னுச்சா மே?"

"இல்ல."

"எப்ப வரட்டும்?"

எனக்குப் பொய் சொல்ல வராது. "தெரியலய்யா" என்று வைத்துவிடுவேன். சாவதென்றாலும் நம் வீட்டில்தான் சாவேன் என்று அவர் மகளிடம் சொல்லியிருக்கிறார். அவர் வீட்டுக்கு உயிரோடு வர வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

லைன் ஆட்கள் என்னைச் சமாதானம் செய்கிறார்கள். நம்ம பையன், நம்ம ஆளு, விடு என்கிறார்கள். தலைவனைக் கேட்டால் அது கமிட்டி எடுத்த முடிவு என்கிறான். கமிட்டியில் இருப்பவர்களைக் கேட்டால் தலைவர் சொன்னார் என்கிறார்கள். ஜேசிபி தானாக நடந்து வந்து மேட்டை வழித்ததா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை பைனல். ரயிலுக்குப் போகிறவர்களுக்கும் அன்று லீவு, லைன் முழுக்க அங்கே இருக்கும். தலைவனே, என் வீட்டுக்குத் தனியாக வராதே, என் காலைப் பிடிக்காதே. அன்றைக்கு எல்லார் முன்னாலும் எழுந்து நின்று பதில் சொல். மேட்டை வெட்டச் சொன்னது யார்? வெட்டின இடத்தைச் செம்மண் கொட்டி மூடுவது எந்த நாள்? என் வீட்டுக்காரர் எந்த நாள் வீட்டுக்கு வரலாம்?