நடுவில் ஓடுகிறவள்

காலை ஏழு மணிக்குக் கிண்ணியாப் பாலத்தின் எங்கள் பக்கத்தில், பெட்டிக்கடைக்கு முன்னால், பத்துப் பன்னிரண்டு ஸ்கூட்டிகள் வரிசையாக நிற்கும். எல்லாரும் பெண்கள். நகரத்தில் வேலை செய்கிறவர்கள். பள்ளிக்கூடம், வங்கி, ஆஸ்பத்திரி என்று ஆளுக்கொரு இடம். நான் உள்துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கடையில் தேநீர் குடிக்கும் ஆண்கள் முதலில் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டது. ஆனால் நாங்கள் குனிந்து கிளிப் போடுவதை மட்டும் இன்றைக்கும் உற்றுப் பார்ப்பார்கள்.

உடுப்புக் காயப்போடும் பிளாஸ்டிக் கிளிப்தான். அபாயாவின் கீழ் ஓரத்தை இரு பக்கமும் மடித்து, காலோடு சேர்த்துப் பிடிப்பது போல ஆளுக்கு இரண்டு கிளிப். பாலத்தில் ஏறியதும் குடாவிலிருந்து வரும் காற்று அபாயாவுக்குள் புகுந்துவிடும். துணி தோணிப் பாய் போல் விரிந்தால் ஸ்கூட்டி நாம் திருப்பும் பக்கம் போகாது, காற்று தள்ளும் பக்கம்தான் போகும். கிளிப் இல்லாமல் ஒருவரும் ஏறக் கூடாது என்று எங்கள் ஸ்கூட்டிக் கழகத்தின் தடித்த சீ.ஆர். கொப்பியில் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறது. எழுதியது நான்.

கழகம் என்று பெயர் வைத்ததும் நான்தான். எங்கள் வீட்டில் படிவம் நிரப்பத் தெரிந்த முதல் ஆள் நான். வாப்பா குடாவில் இறால் பிடிக்கிறவர், இன்றும் பெருவிரல்தான் வைப்பார். கம்பஸில் பட்டம் முடித்து வேலை கிடைத்ததும் ஸ்கூட்டி எடுத்தேன். என்னைவிட மூத்த, பக்கத்து வீட்டு ராத்தாமாருக்கு வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் பள்ளிக்கூட மைதானத்தில் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். பெயின்ட் வாளிகளை வைத்து எட்டுப் போட வைத்தேன். கால் ஊன்றாமல், நடக்கிற வேகத்தில், பத்து நிமிடம். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடி, முன்சில்லைப் பார்க்காதே, தூரத்தைப் பார். மனதுக்குள் பத்து எண்ணியதும் ஒருமுறை சைட் கண்ணாடியைப் பார். இவை எல்லாம் என் வாயிலிருந்து வந்தவை. அவர்கள் என்னை லீடர் என்று கூப்பிட்டார்கள். முதலில் பகிடிக்கு, பிறகு உண்மையாகவே. எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

பாலத்தில் நாங்கள் ஓடுவதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. முன்னால் அனுபவமான ஒருவர், பின்னால் அனுபவமான ஒருவர். பின்னால் வருபவருக்கு வால் என்று பெயர். வால் யாரையும் முந்தக் கூடாது, யாராவது நின்றால் தானும் நிற்க வேண்டும். முன்னால் போனவர்கள் அக்கரையில் வால் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். பழகாதவர்களுக்கும் பயப்படுகிறவர்களுக்கும் நடு. காலையில் யார் வேண்டுமானாலும் “நடு” என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவருக்கு முன்னும் பின்னும் ஆள் நிற்கும். “நடு கேட்டவரிடம் காரணம் கேட்கக் கூடாது” என்று எழுதி, அந்த வரியின் கீழ் சிவப்புப் பேனையால் கோடும் இழுத்தேன். நல்ல வரி என்று நினைத்தேன். எனக்கு அது தேவைப்படும் என்று நினைக்கவில்லை.

வாப்பா ஸ்கூட்டிக்குச் சம்மதித்தது ஒரே ஒரு பேச்சில்தான். “பயமில்லாட்டி ஓடு மகள். பயம் வந்த அண்டைக்குச் சாவிய என்ட கையில தந்திரணும். பயத்தோட ஓடுற ஆளுக்கு ரோட்டு ஏலாது.” அவர் தோணியைப் பற்றி அறிந்ததை ஸ்கூட்டிக்கும் சொன்னார். நான் சிரித்துக்கொண்டே ஓம் என்றேன். பிறகு இரவுச் சாப்பாட்டுக்கு இருக்கும்போதெல்லாம், “இண்டைக்கு ஆர் முன்னுக்கு?” என்று கேட்பார். “நான்தான் வாப்பா” என்பேன். முன், நடு, வால் எல்லாவற்றையும் அவருக்குத் தட்டில் சோற்றுப் பருக்கைகளை வைத்து விளக்கியும் இருந்தேன்.

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசத் தொடங்கிய நாட்களில் ஒரு பின்னேரம் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். பின்னேரங்களில் ஆளுக்கொரு நேரத்தில் வேலை முடிவதால் கழகம் கிடையாது. தனியாகத்தானே என்று கிளிப் போடவில்லை. பாலத்தின் நடுவில் வரும்போது ஒரு லொறி என்னை முந்தியது. லொறி மறைத்திருந்த காற்று, அது விலகியதும் மொத்தமாக வலப்பக்கத்திலிருந்து அடித்தது. அபாயா முழங்கால்வரை ஊதி எழும்பியது. கைபிடி என் கையில் இல்லாதது போல் ஆடியது. முன்சில்லு நடைபாதையின் ஓரக் கட்டோடு மோதி நின்றது. நான் விழவில்லை. ஒரு கையால் பாலத்தின் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கம்பிக்குக் கீழே தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

அடிபடவில்லை, கீறலும் இல்லை. ஆனால் திரும்ப ஆக்ஸிலேட்டரை முறுக்க என் கை மறுத்தது. முன்னுக்கும் இருநூறு மீற்றர், பின்னுக்கும் இருநூறு மீற்றர். திருப்பவும் முடியாது. பின்னால் வந்த வாகனங்கள் ஹோர்ன் அடித்து விலகிப் போயின. மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் வந்த, அண்ணன் வயதுள்ள ஒரு நானா நிறுத்தினார்.

“என்ன தங்கச்சி, பெற்றோல் முடிஞ்சா?”

“ஓம் நானா,” என்றேன். அதைவிட மரியாதையான காரணம் எனக்குத் தோன்றவில்லை.

அவர் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு சோடாப் போத்தலில் பெற்றோல் எடுத்தார். “சீட்டத் தூக்குங்க.”

தூக்கினேன். மூடியைத் திறந்தேன். காலையில்தான் அடித்திருந்தேன், கழுத்துவரை நின்றது. அவர் டேங்குக்குள்ளே பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் டேங்குக்குள்ளே பார்த்தார்.

“இது நிரம்பித்தானே கிடக்கு?”

“அப்ப பிளக் போல, நானா.”

“ஓமோம், பிளக்,” என்றார். மீன் வாடை வீசும் கையால் போத்தலை மூடினார். “தள்ளிக்கிட்டுப் போங்க. நான் பின்னால மெல்ல வாறன், வாகனங்கள் விலகும்.” அப்படியே வந்தார். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் காலை கடைக்கு முன்னால் நின்று, “இண்டையிலிருந்து நான் வால்,” என்று அறிவித்தேன். “காத்துக் கூடிட்டு. பின்னுக்குத்தான் நல்லா ஓடுற ஆள் வேணும்.” எல்லாரும் தலையாட்டினார்கள். லீடர் தன்னைப் பின்னுக்கு வைத்துக்கொண்டதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் ஏறிப் போனதும், நான் கட்டோடு ஒட்டி, இரண்டு காலையும் தரையில் இழுத்துக்கொண்டு, குழந்தை நடைவண்டி தள்ளுவது போல் போனேன். காற்று பலமான நாட்களில் இறங்கித் தள்ளினேன். பின்னேரம் திரும்பும்போதும் தள்ளினேன். வேறு பாதை என்றால் கந்தளாய்ப் பக்கம் போய்ச் சுற்ற வேண்டும், வேலை தொடங்கும் நேரத்தில் நான் இன்னும் வயல்வெளியில்தான் இருப்பேன். பஸ் எடுத்தால் வாப்பா கேட்பார். ஒவ்வொரு காலையும் கண் விழித்ததும் முதலில் நினைவுக்கு வருவது பாலம்தான். அலுவலகத்தில் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, யன்னலுக்கு வெளியே துறைமுகத்தில் நங்கூரம் போட்ட கப்பல் எந்தப் பக்கம் முகம் திருப்பி நிற்கிறது என்று பார்ப்பேன். அதைப் பார்த்தால் காற்றுத் தெரியும். பார்த்து என்ன பயன், எப்படியும் திரும்பிப் போகத்தான் வேண்டும்.

நான் எழுதிய விதியே என்னைப் பிடித்தது. அக்கரையில் எல்லாரும் வாலுக்காகக் காத்து நின்றார்கள். முதல் நாள் போன் வந்தது என்றேன், அடுத்த நாள் ஹெல்மெட் பட்டி என்றேன். நான்காம் நாள் வங்கியில் வேலை செய்யும் தங்கச்சி பிந்திப் போய் மனேஜரிடம் பேச்சு வாங்கினாள். அந்த வெள்ளிக்கிழமை மைதானத்தில் வைத்துக் கொப்பியைத் திறந்து, வாலுக்காகக் காத்திருக்க வேண்டும் என்ற வரியை என் பேனையாலேயே வெட்டினேன். “வால் தன்னைத் தானே பாத்துக்கொள்ளும்,” என்றேன்.

ஆஸ்பத்திரியில் சிற்றூழியராக இருக்கும் ராத்தா மட்டும் கேட்டார். எங்களில் மூத்தவர், மூன்று பிள்ளைகளின் தாய், எட்டுப் போடப் பழகும்போது என் பெயின்ட் வாளிகளில் பாதியை நசுக்கியவர். “லீடர், நல்லா யோசிச்சா வெட்டுறீங்க?”

“ஓம் ராத்தா. எல்லாரும் பிந்துறாங்க.”

“உங்கட பேனை,” என்றார்.

அதற்குப் பிறகு எனக்கு வசதியாக இருந்தது. வசதி என்று சொல்லக் கூடாது. அவர்கள் போய்விடுவார்கள், நான் தனியாகத் தள்ளிக்கொண்டு போவேன். பன்னிரண்டு பேர் கொண்ட கழகத்தின் தலைவி, பாலத்தில் தினமும் தனியாள்.

இரண்டு கிழமை இப்படிப் போனது. ஒரு புதன்கிழமை, எல்லாரும் ஏறிய பிறகு நான் பாலம் தொடங்கும் இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். பாலத்தின் நடுவில் ஒரு ஸ்கூட்டி நின்றது. இரண்டு பக்கச் சிக்னல்களும் மின்னின. மற்றவர்கள் அக்கரையில் இறங்கி மறைந்துவிட்டார்கள், காத்திருக்க அவர்களுக்கு விதி இல்லை. நின்ற ஆளுக்குப் பின்னால் இருந்தது நான் ஒருத்திதான்.

ஸ்கூட்டியில் ஏறி உட்கார்ந்தேன். ஆக்ஸிலேட்டரை முறுக்கப் பார்த்தேன். வியர்த்த கை வழுக்கியது. இறங்கி, தள்ளிக்கொண்டு ஓடினேன். அபாயா கிளிப்போடு காலைத் தட்டியது. கிட்டப் போனதும் அது ஆஸ்பத்திரி ராத்தா என்று தெரிந்தது. கம்பியில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“என்ன ராத்தா, என்ன நடந்த? பிளக்கா?”

“ஒண்டுமில்லையே. நல்லாத்தான் கிடக்கு.”

“அப்ப ஏன் நிக்கிறீங்க?”

“வாலுக்கு.”

“அத வெட்டிட்டம்தானே!”

“கொப்பியிலதானே வெட்டினீங்க.”

எனக்கு மூச்சு இரைத்தது. அவர் என் ஸ்கூட்டியைப் பார்த்தார், நான் அதன் பக்கத்தில் நடந்து வந்ததைப் பார்த்தார். ஏதாவது சொல்லித் தப்ப வேண்டும் என்று போன், ஹெல்மெட், பிளக் எல்லாவற்றையும் தேடினேன்.

“எவ்வளவு நாளாத் தெரியும்?” என்றுதான் வாயில் வந்தது.

“பத்து எண்ணினா ஒருக்காக் கண்ணாடி பாக்கச் சொன்னது ஆரு?”

“எல்லாருக்குமா?”

“எல்லாருக்கும் ரெண்டு கண்ணாடி கிடக்கு லீடர்.”

“அப்ப ஏன் ஒருத்தரும் கேக்கல்ல?” எனக்குக் கோபம் வந்தது. உண்மையாகவே கோபம்தான். இரண்டு கிழமை நான் ஒளித்ததை அவர்கள் இரண்டு கிழமையும் பார்த்திருக்கிறார்கள்.

“நடு கேட்டவகிட்டயே காரணம் கேக்கக் கூடாதெண்டு சிவப்புல கோடு போட்டு வச்சிருக்கீங்க,” என்றார் ராத்தா. “கேக்காத ஆள்கிட்ட நாங்க எப்படிக் கேக்கிற?”

ஒரு பஸ் எங்களை உரசிக்கொண்டு போனது. இரண்டு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டோம். பிறகு அவர் தன் ஸ்கூட்டியில் ஏறி, ஓடாமல், காலால் உந்தி உந்தி என் முன்னால் மெதுவாகப் போனார். நான் பின்னால் தள்ளிக்கொண்டு போனேன். அக்கரையில், “எனக்கு டியூட்டிக்குப் பிந்திட்டு, ஏச்சு நிச்சயம்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

வியாழக்கிழமை காலை கடைக்கு முன்னால் நின்றோம். கிளிப் போட்டோம். “ஆர் முன்னுக்கு?” என்று யாரோ கேட்டார்கள். நான் வாயைத் திறந்தேன். இரண்டெழுத்துச் சொல். பரீட்சையிலும் நேர்முகத் தேர்விலும் திக்காத நாக்கு அங்கே திக்கியது. தேநீர் குடித்த ஆண்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்கள் போல் எனக்குத் தோன்றியது. அவர்கள் நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

“நடு,” என்றேன்.

ஒருத்தரும் காரணம் கேட்கவில்லை. வங்கித் தங்கச்சி மட்டும், “அப்ப நான் தள்ளி நிக்கணுமா, இடம் போதாதே,” என்று முணுமுணுத்து எல்லாரையும் சிரிக்க வைத்தாள். ராத்தா வால் ஆனார். குனிந்து என் இடப்பக்கக் கிளிப்பைக் கழற்றி இன்னும் இறுக்கிப் போட்டார்.

நடுவில் ஓடுவது இலகு என்று நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். பொய். முன்னால் ஒரு சில்லு, பின்னால் ஒரு சில்லு, இடப்பக்கம் கட்டு, வலப்பக்கம் லொறி. நிற்கவும் ஏலாது, முந்தவும் ஏலாது. காற்று இடப்பக்கத்திலிருந்து அடித்தது. முன்னால் போனவளின் ஹெல்மெட்டில் ஒட்டியிருந்த பூப்படத்தை மட்டும் பார்த்தேன். பத்து எண்ணினேன், கண்ணாடியைப் பார்த்தேன். ராத்தாவின் முகம் இருந்தது. திரும்பப் பத்து. அந்தப் பாலத்தில் இத்தனை பத்துகள் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. அக்கரையில் இறங்கினேன். பயம் போகவில்லை. காலைத் தரையில் இழுக்காமல் வந்து சேர்ந்தேன், அவ்வளவுதான். அன்று பின்னேரம் அலுவலக வாசலில் ராத்தாவும் வங்கித் தங்கச்சியும் ஸ்கூட்டிகளை நிறுத்திக் காத்திருந்தார்கள். நான் ஒருவரிடமும் வரச் சொல்லியிருக்கவில்லை.

அன்றிரவு சாப்பாட்டுக்கு இருந்தோம். ஸ்கூட்டிச் சாவி இன்னும் என் இடக்கையில் இருந்தது, ஆணியில் மாட்ட மறந்திருந்தேன்.

“இண்டைக்கு ஆர் முன்னுக்கு?” என்றார் வாப்பா.

“கீழ்வீதிப் பள்ளிக்கூட டீச்சர்.”

“நீ வாலா?”

“இல்ல வாப்பா. நடு.”

பிசைந்த சோற்றை அவர் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. நடு என்றால் என்ன என்று அவருக்குப் பருக்கை வைத்து விளக்கியவள் நான். தட்டில் கையை உதறிவிட்டு, இடக்கையை என் பக்கம் நீட்டினார். ஏசவில்லை. உள்ளங்கை மேலே பார்த்தபடி இருந்தது.

“நாளைக்கும் ஏழு மணிக்குப் போகணும் வாப்பா,” என்றேன். “முன்னுக்கு ஒராள் நிப்பா. பின்னுக்கு ஒராள் நிப்பா. பின்னேரமும் வருவாங்க.”

“பயமா இல்லையா?”

“பயம்தான்.”

அவர் கையை எடுக்கவில்லை. நானும் மூடிய கையைத் திறக்கவில்லை. சாவியின் பல் உள்ளங்கையில் குத்தியது. உம்மா குசினியிலிருந்து கறிச்சட்டியோடு வந்து, எங்கள் இரண்டு கைகளுக்கும் நடுவில் சட்டியை வைத்தாள்.