என் மகள் பெயருக்குக் கீழே ஓடிய எண்

போன வருடம் காலாண்டு விடுமுறையில், புதுக்கோட்டையில் ஓர் உள்விளையாட்டு அரங்கில் நடந்தது இது. பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான மாவட்ட பேட்மின்டன் இறுதிப் போட்டி. ஒரு பக்கம் என் மகள். எதிரில் மீமிசலில் இருந்து வந்திருந்த ஒரு பெண். நாங்கள் பொன்னமராவதிக்காரர்கள். நான் அங்கே ஒரு பள்ளியில் ஆசிரியை. நடந்ததை வரிசையாகச் சொல்ல என்னால் முடிகிறது. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்றுதான் இன்றுவரை தெரியவில்லை.

அந்த வருடம்தான் முதல் முறையாகப் போட்டியை உள்ளூர் கேபிள் சேனலில் நேரலையாகக் காட்டினார்கள். அந்தப் பொறுப்பில் இருந்தவர் கழுத்தில் ஹெட்போன் மாட்டிய ஓர் இளைஞர். ஓர் இடத்தில் நிற்க மாட்டார். அங்கிட்டும் இங்கிட்டும் ஓடிக்கொண்டே பேசுவார்.

"கிரிக்கெட்டுல பந்து ஒசரப் போறது தெரியும் மேடம். இதுல கொசு மாதிரி போயிரும். வீட்ல பாக்குறவங்க ரெண்டே நிமிசத்துல சீரியலுக்கு மாத்திருவாங்க. அதான் இந்தத் தடவ வெளையாடுறவங்க நெஞ்சு அடிக்கிறதக் காட்டப் போறோம்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. பிறகுதான் விளக்கினார். இரண்டு பெண்களின் கையிலும் ஒரு பட்டை கட்டுவார்கள். நிமிடத்துக்கு எத்தனை முறை இதயம் துடிக்கிறது என்று அது சொல்லும். டிவி திரையின் ஓரத்தில் மேலே ஒரு பெட்டி, கீழே ஒரு பெட்டி. தூரத்துப் பக்கம் ஆடுகிறவளின் பெயரும் எண்ணும் மேலே, கேமராவுக்குப் பக்கத்தில் ஆடுகிறவளுடையது கீழே.

அது போதாதென்று, அம்மாக்கள் இருவரையும் பக்கத்து அறையில் ஒரு பெரிய டிவிக்கு முன்னால் உட்கார வைத்து, எங்கள் முகத்துக்கு நேராகவும் ஒரு கேமராவை நிறுத்திவிட்டார்கள். "பாயிண்ட் எடுத்தா கை தட்டுங்க. பாயிண்ட் போனா நெஞ்சுல கைய வைங்க. நல்லா வரும்" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

மீமிசல் பெண்ணின் அம்மா தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே என்னைப் பார்த்தார். "பவுடர் போட்டுட்டு வந்திருக்கலாம் டீச்சர். எங்க வீட்டுக்காரரு துபாய்ல லீவு போட்டுட்டு போன்ல பாத்துக்கிட்டு இருக்காரு. புள்ளையப் பாக்கவா, என்னையப் பாக்கவான்னு தெரியல" என்றார். சிரித்துவிட்டேன். கொண்டுவந்திருந்த ஓட்டு மாவை, அவர்கள் வீட்டில் வறுத்துச் செய்த இனிப்பு மாவை, எனக்கும் ஒரு தாளில் மடித்துக் கொடுத்தார். எதிராளியின் அம்மா என்ற நினைப்பே போய்விட்டது.

முதல் ஆட்டத்தில் என் மகள் ஜெயித்தாள். எண்கள் இரண்டும் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன. விளையாடினால் ஏறும், பந்தை எடுக்க நடந்தால் கொஞ்சம் இறங்கும். பார்க்க வேடிக்கையாகக்கூட இருந்தது.

இரண்டாவது ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் என் மகளின் பெயருக்குக் கீழே எண் இருநூறைத் தாண்டியது. வர்ணனை சொல்பவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "நேயர்களே, பொன்னமராவதி சிங்கக்குட்டியோட இதயம் எரநூறத் தாண்டிருச்சு! சூடு பறக்குது!" என்று கத்தினார். நான் நெஞ்சில் கை வைத்தேன். கேமராக்காரர் கட்டை விரலை உயர்த்தி 'சூப்பர்' என்று சைகை காட்டினார்.

அவள் பின்தங்கியிருந்தாள். பதினொரு பாயிண்டில் இடைவேளை வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் முகம் துடைத்தாள், தண்ணீர் குடித்தாள். எண் இறங்கவில்லை. இருநூற்றுப் பத்து, இருநூற்றுப் பதினெட்டு. உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு அது எப்படி ஏறும்? மீமிசல் பெண்ணின் பெயருக்குக் கீழே இருந்த எண் மட்டும் ஒழுங்காகக் குறைந்துகொண்டிருந்தது.

அதன்பின் நான் எதையும் யோசிக்கவில்லை. எழுந்து ஓடினேன். அரங்கத்துக்குள் பச்சை விரிப்பில் கால் வைத்ததும் நடுவர், "செருப்பு! செருப்பு! விரிப்புல செருப்போட வராதீங்கம்மா!" என்று கத்தியது மட்டும் காதில் விழுந்தது. ஒரு செருப்பை உதறிவிட்டு மற்றொன்றோடு ஓடியிருக்கிறேன்.

மகளின் முகம் சிவந்துவிட்டது. "அம்மா, மானத்த வாங்காத. எனக்கு ஒண்ணும் இல்ல, போ" என்றாள். முதலுதவிக்கு நின்ற நர்ஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். "நல்லாத்தானம்மா இருக்கு. வெளையாண்ட புள்ளைக்கு இவ்வளவு இருக்கும்" என்றார். மகள் கையிலிருந்த பட்டையைப் பிய்த்துத் தன் பைக்குள் எறிந்தாள். "இதப் பாத்துத்தான வந்த? இனிமே பாக்காத."

கூட்டம் சிரித்தது. நானும் சிரிப்பதுபோல் காட்டிக்கொண்டு செருப்பைப் பொறுக்கிக்கொண்டு அறைக்குத் திரும்பினேன். ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது.

திரையைப் பார்த்தால், என் மகளின் பெயருக்குக் கீழே எண் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. இருநூற்று இருபது. பட்டையோ அவள் பைக்குள் கிடக்கிறது.

"பாத்தீங்களா டீச்சர், கழட்டிப் போட்டும் ஓடுது! மெசினுக்குத்தான் கிறுக்குப் புடிச்சிருக்கு. நீங்க ஒங்க புள்ளைக்கிட்டப் போயித் திட்டு வாங்கிட்டு வந்திருக்கீங்க" என்று அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் அப்போது நிஜமாகவே சிரிப்பு வந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

அந்த மூச்சு முடிவதற்குள் இன்னொன்றைக் கவனித்தேன். மீமிசல் பெண்ணின் பெயருக்குக் கீழே எண்ணே இல்லை. இரண்டு கோடுகள் மட்டும் இருந்தன. ஆனால் அவள் கையில் பட்டை இருக்கிறது. முழுக்கைச் சட்டையின் முனையைத் தாண்டி மணிக்கட்டில் கட்டை விரல் அகலத்துக்குக் கறுப்பாகத் தெரிகிறது.

கழற்றியவள் இவள், காணாமல் போனது அவளுடைய எண். அப்படியென்றால் ஓடிக்கொண்டிருப்பது?

முதல் ஆட்டம் முடிந்ததும் இருவரும் பக்கம் மாறினார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. பேட்மின்டனில் அது வழக்கம். திரையில் பெயர்களும் மாறியிருந்தன. எண்கள் மட்டும் மாறவில்லை. என் மகள் பெயருக்குக் கீழே இவ்வளவு நேரமும் ஓடியது மீமிசல் பெண்ணின் துடிப்பு.

அந்த அம்மா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். எப்படிச் சொல்வது? "ஒங்க பொண்ணுக்கு முன்னாடி எப்பவாச்சும் படபடப்பா வந்திருக்கா?" என்று கேட்டேன்.

சிரிப்பு நின்றது. "நோம்பு நேரத்துல ரெண்டு தடவ கிறுகிறுன்னு வருதுன்னா. பசின்னு நெனச்சோம். ஏன் டீச்சர்?"

நான் திரையைக் காட்டி உளறினேன். அவருக்குப் பாதிகூடப் புரிந்திருக்காது. ஆனால் என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். வாசலில் போட்டி நடத்துகிறவர் ஒருவர் மறித்தார். "ஒங்க புள்ள தோக்குற நேரம் பாத்து மறுபடி வாரீங்களே டீச்சர், நல்லாவா இருக்கு?" என்றார். பதில் சொன்னது அந்த அம்மாதான். "தள்ளுங்க. இப்ப நான் எம்மவளப் பாக்கப் போறேன்."

அந்தப் பெண் சர்வீஸ் போட நின்றிருந்தாள். அம்மாவைக் கண்டதும் மட்டையைத் தாழ்த்தினாள். "ஒண்ணும் இல்லம்மா. அப்பப்ப வரும், வெளையாண்டா அடங்கிரும்" என்றாள். யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே அவள் அப்படிச் சொன்னதுதான் எங்களைக் கலக்கிவிட்டது. நர்ஸ் அவள் கழுத்தில் விரலை வைத்தார், முகம் மாறியது. அந்தப் பெண் அப்படியே விரிப்பில் உட்கார்ந்துவிட்டாள். என் மகள்தான் வலையைத் தூக்கிக் குனிந்து வந்து, அவள் தலையை மடியில் தாங்கிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுத் துடிப்பை இறக்கினார்கள். பிறவியிலேயே இதயத்தில் ஒரு கோளாறு இருந்திருக்கிறது, துடிப்பு சில நேரம் தானாகவே தாறுமாறாக வேகம் எடுத்துவிடும் என்று டாக்டர் சொன்னார். அந்த நிலையில் இன்னும் ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்டேன். "அதை எதுக்கும்மா இப்ப?" என்றார். பிறகு மதுரையில் சிகிச்சை நடந்தது. இப்போது மறுபடி விளையாடுகிறாள்.

கேபிள் இளைஞர் அன்று ஆஸ்பத்திரி நடையில் அழுதுகொண்டு நின்றார். "பேர மாத்துனேன் மேடம். நம்பர மாத்த விட்டுப்போச்சு" என்றார். அவரைத் திட்டுவதா, கும்பிடுவதா? அந்தப் பட்டை இல்லாவிட்டால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அதை நினைத்து அவரை ஏதோ சமாதானப்படுத்தினேன்.

ஆனால் வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்த இன்னொரு யோசனை வந்தது. அது இன்னும் போகவில்லை. அவர் தவறே செய்யாமல் இருந்திருந்தால்? அந்த இருநூற்றுப் பதினெட்டு சரியாக மீமிசல் பெண்ணின் பெயருக்குக் கீழேயே ஓடியிருந்தால்? அவள் அம்மா மெசினுக்குக் கிறுக்கு என்று சிரித்திருப்பார். நான்? எதிராளி களைத்துவிட்டாள், இனி நம் பிள்ளை ஜெயித்துவிடுவாள் என்று ஓட்டு மாவைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பேனோ என்னவோ.

நான் ஒற்றைச் செருப்போடு ஓடும் காட்சி வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றுகிறது. அதில் முதல் ஓட்டம் மட்டும்தான் இருக்கிறது. பள்ளியில்கூடக் கேலி செய்கிறார்கள். மீமிசல் அம்மா மட்டும் போனில் பேசும்போதெல்லாம், "எம்மவளுக்காக ரெண்டு தடவ ஓடுனீங்களே டீச்சர்" என்கிறார்.

முதல் ஓட்டம் யாருக்காக என்று அவரைத் திருத்த எனக்கு இன்னும் வாய் வரவில்லை. ஆனால் இப்போதெல்லாம் களத்தில் எந்தப் பிள்ளை நெஞ்சில் கை வைத்தாலும், அது யார் பிள்ளை என்று பார்ப்பதற்கு முன்பே நான் எழுந்துவிடுகிறேன்.