அசையாமல் நின்ற சிவப்பு பனியன்காரன்

சித்தூரில் ஸ்டீவன் வீடு எது என்று கேட்டால் எந்த ஸ்டீவன் என்பார்கள். அடிக்கிற ஸ்டீவன் என்றால் வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். முப்பத்தாறு வயது. லாட்ஜுகளில் சிசிடிவி கேமரா மாட்டுவது தொழில். வேலையில் படு சுத்தம். குறை ஒன்றுதான், வாய் திறப்பதற்குள் அவனுக்குக் கை போய்விடும்.

போன மாதம் திருச்சானூர் லாட்ஜ் ஒன்றில் மேனேஜர் சும்மா இருக்காமல், "உன் கை ரொம்ப ஸ்லோப்பா" என்று சிரித்துவிட்டார். வேறு என்ன சொல்லியிருந்தாலும் ஸ்டீவன் ஒருவேளை பொறுத்திருப்பான். கை மெதுவு என்று மட்டும் அவனிடம் யாரும் சொல்லக் கூடாது. டிரில்லிங் மிஷினைப் பத்திரமாகக் கீழே வைத்தான். அது வரைக்கும் புத்தி இருந்தது. பிறகு மேனேஜரின் மூக்கை உடைத்தான். அவன் மாட்டிய கேமராவே அதைப் படம் பிடித்தது, படமும் நல்ல தெளிவு. கடைப் பக்கம் ஒரு மாதம் தலை காட்டாதே என்று முதலாளி அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி எப்சிபா ஏன் என்று கேட்டாள். பதில் அவள் இடது காதில் விழுந்தது. செவிப்பறை கிழிந்துவிட்டது என்றார் டாக்டர். அன்றே அவள் கங்காதர நெல்லூருக்கு, தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவளில்லாமல் ஸ்டீவனுக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கத்தை விட்டு எட்டு முறை போன் செய்தான். ஒன்பதாவது முறை எடுத்தாள்.

"ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு வரேன். என் மேலன்னு இல்ல, யார் மேல நீ கை வச்சிருந்தாலும் அப்டியே திரும்பிடுவேன்."

சரி என்றான். மனசாரத்தான் சொன்னான். ஐந்து நாள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டும், அவ்வளவுதானே. கைக்கு ஏதாவது வேலை கொடுத்தால் தேவலை என்று பார்த்தபோது, அப்பா அறையில் போர்வை போர்த்தியிருந்த பழைய கம்ப்யூட்டர் கண்ணில் பட்டது.

அப்பா எர்னஸ்ட் மிஷன் பள்ளி ஆசிரியர். இரண்டாயிரத்தில், தெருவிலேயே முதல் கம்ப்யூட்டர் அவர் வாங்கியதுதான். அவர் இறந்தும் ஒன்பது வருஷம் ஆகிறது. ஸ்டீவன் மூடியைக் கழற்றியதும் உள்ளேயிருந்து பல்லி முட்டை உருண்டது. தூசியை ஊதினான், ரேம் கார்டை ரப்பரால் தேய்த்தான், உப்பியிருந்த கெப்பாசிட்டர்களை மாற்றினான், கடையிலிருந்து நண்பனைவிட்டு ஒரு பழைய பவர் சப்ளை வரவழைத்தான். மூன்றாம் நாள் அந்தக் கனத்த மானிட்டர் ஒரு சொடுக்குச் சொடுக்கி வெளிச்சமானது. சின்ன வயதில் அண்ணனோடு ஆடிய ஆட்டம் இருந்த இடத்திலேயே இருந்தது.

இரண்டு பேர் எதிரும் புதிருமாக நின்று குத்திக்கொள்ளும் ஆட்டம். நீல பனியன்காரன் இடது பக்கம், சிவப்பு பனியன்காரன் வலது பக்கம். ஒரே கீபோர்டில் இருவரும் ஆட வேண்டும். நீலம் எப்போதும் நான்கு வயது மூத்த அண்ணன் ஆசிருக்கு. சிவப்பு ஸ்டீவனுக்கு. திரையில் எத்தனை ரவுண்டு தோற்கிறானோ அத்தனை குத்து நிஜத்திலும் வாங்க வேண்டும். அது அண்ணன் வைத்த சட்டம். எர்னஸ்ட் சாருக்கு அது தெரியும். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பார்கள். தம் வீட்டில் அண்ணனே அடியும் கொடுப்பதில் அவருக்கு ஏகத் திருப்தி. "வாங்கட்டும். அப்பத்தான் கை வேகம் வரும்" என்று பேப்பரைப் புரட்டுவார்.

நான்கு வருஷம் ஸ்டீவன் வாங்கினான். தோளில், முதுகில், விலாவில், எல்லாம் ஊமைக்குத்து. சட்டையைக் கழற்றினால் பச்சைப் பச்சையாக இருக்கும். சரியாகக் குத்த வேண்டிய நேரத்தில் சிவப்பு பனியன்காரன் மரம் மாதிரி நின்றுவிடுவான். பயந்தாங்கொள்ளி, கை வராதவன் என்று வீடு முடிவு கட்டியது. ஸ்டீவனும் நம்பினான். பதினேழு வயதில் முதல் ஆளைத் தெருவில் போட்டு அடித்தபோது, கை வருகிறதே என்று அழுதே விட்டான். அதற்குப் பிறகு கையை நிறுத்தத் தெரியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் தனியாக உட்கார்ந்து இரண்டு பக்கமும் அவனே ஆடிப் பார்த்தான். நீலத்தின் தடுப்புக்காக ஏ, எஸ் இரண்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிவப்பின் குத்துக்கான கே-யைத் தட்டினான். சிவப்பு அசையவில்லை. விரலை எடுத்துவிட்டுத் தட்டினால் குத்தினான். தொழில் தெரிந்தவனுக்கு இது போதாதா? நோட்பேடைத் திறந்து முப்பது முறை சோதித்தான். ஏ, எஸ் இரண்டும் அழுந்தியிருந்தால் அந்தக் கீபோர்டு கே-யை எடுத்துக்கொள்வதே இல்லை. பழைய கீபோர்டுகள் அப்படித்தான், சில கீகளை மூன்றாகச் சேர்த்து அழுத்தினால் ஒன்றை விழுங்கிவிடும்.

ஸ்டீவனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது, தெரிந்தே நான்கு வருஷம் குத்தியிருக்கிறான் என்று தீர்மானித்துவிட்டான். ஆத்திரக்காரனுக்குச் சாட்சி எதற்கு? திருப்பதியில் ஒரு கல்லூரி ஆபீஸில் வேலை பார்க்கும் ஆசிருக்குப் போன் போட்டு, ஆட்டம் ஓடுகிறது, நாளைக்கு வா என்றான். நாளை ஞாயிற்றுக்கிழமை என்பது அவனுக்குத் தெரியும். நாலு மணிக்கு யார் வரப்போகிறாள் என்பதும் தெரியும்.

ஆசிர் ஆராதனை முடிந்து பஸ் பிடித்து மூன்றரைக்கு வந்தான். தொந்தி, கண்ணாடி, கையில் அம்மா ஞானமணிக்கு மைசூர்பாகு. கம்ப்யூட்டரைப் பார்த்ததும் குழந்தை மாதிரி சிரித்தான். இடது நாற்காலியில் ஸ்டீவன் உட்கார்ந்திருந்தான். அதற்கென்ன என்று ஆசிர் வலது பக்கம் உட்கார்ந்தான்.

ஸ்டீவன் இரண்டு கீயையும் அழுத்தினான். அழுத்திக்கொண்டே வேறு கீயால் நீலத்தை உதைக்கவிட்டான். சிவப்பு பனியன்காரன் நின்ற இடத்திலேயே உதைபட்டு விழுந்தான். ஆசிர் கே-யைத் தட்டினான், குத்தினான், கீபோர்டைத் தூக்கி உதறிப் பார்த்தான். கீ வேலை செய்யவில்லை என்றான். ஏழு ரவுண்டு ஆனது.

"கைய நீட்டு. ஏழு."

ஆசிர் சிரித்தபடி சட்டைக் கையை மடித்தான். முதல் குத்துக்குச் சிரித்தான். மூன்றாவதுக்குச் சிரிப்பு நின்றது. ஐந்தாவது தோளில் விழவில்லை, வாயில் விழுந்தது. கண்ணாடி தெறித்தது. நாற்காலியோடு கீழே போனவன் மேல் ஏறி உட்கார்ந்து ஸ்டீவன் குத்தினான். எண்ணிக்கை எப்போதோ விட்டுப்போயிற்று. கீழுதடு பிளந்து ரத்தம் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. ஞானமணி அடுப்படியிலிருந்து ஓடிவந்து ஸ்டீவன் முதுகில் கரண்டியால் அடித்தாள். அது அவனுக்கு உறைக்கவே இல்லை. ஆசிர் ஒரு முறைகூடத் திருப்பி அடிக்கவில்லை.

"தெரிஞ்சேதானடா செஞ்ச? ரெண்டு கீய புட்ச்சிக்கினா என் கீ செத்துடும்னு தெரிஞ்சேதான?"

"எந்தக் கீடா?" ஆசிர் ரத்தத்தைத் துப்பினான். "நீ பயந்துக்கினு நின்னுட்றன்னு நெனச்சேன். நைனாவும் அதத்தான சொன்னாரு."

ஓங்கிய கை அப்படியே நின்றது. தெரிந்திருந்தால் இவன் அந்த வலது நாற்காலியில் வந்து உட்கார்ந்திருப்பானா? சற்று முன்பு கே-யை எதற்கு அப்படித் திகைத்துத் திகைத்துத் தட்டினான்? ஸ்டீவன் அண்ணன் மேலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தான். இத்தனை வருஷமும் யாரும் அவனை ஏமாற்றவில்லை. அவன் பயப்படவும் இல்லை. அந்த நிமிஷத்தில் அவனுக்கு வந்தது, சொல்லவே கூசுகிறது, சந்தோஷம்தான்.

வாசலில் ஆட்டோ நின்றது. எப்சிபா பையோடு உள்ளே வந்தாள். கவிழ்ந்த நாற்காலியையும் ஆசிரின் வாயையும் பார்த்தாள். அவள் பேசுவதற்குள் ஸ்டீவன் அவள் கையைப் பிடித்துக் கம்ப்யூட்டர் முன்னால் இழுத்துவந்தான். நோட்பேடைத் திறந்து, ஏ, எஸ் இரண்டையும் அழுத்திப் பிடித்து, கே-யைத் தட்டச் சொன்னான். தட்டினாள். அந்த எழுத்து விழவில்லை. மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னான். தன் கை மெதுவே இல்லை என்றான், எல்லாம் இந்தக் கீபோர்டால் வந்தது என்றான். அவள் நல்ல காதை அவன் பக்கம் திருப்பி முழுவதும் கேட்டாள்.

"சரி. என்ன அடிச்சியே, அன்னிக்கி எந்தக் கீ மாட்டிக்கினு இருந்திச்சி?"

ஸ்டீவன் ஏ, எஸ் இரண்டையும் மறுபடி அழுத்தி, கே-யைத் தட்டினான்.

அவள் அதையும் பார்த்தாள். பிறகு ஆசிரைக் கைகொடுத்து எழுப்பி, உதட்டுக்குத் தையல் போட வேண்டும் என்று சொல்லி, வந்த ஆட்டோவிலேயே ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாள். பையையும் எடுத்துக்கொண்டுதான் போனாள்.