பிரஷர் அடங்குவதற்குள் ஒரு வாரம்

எங்கள் ஊரில் மதியம் ஒரு மணிக்குக் கடைகளின் ஷட்டர் இறங்கினால் நாலு மணிக்குத்தான் ஏறும். நான் வேலை பார்க்கும் துணிக்கடையும் அப்படித்தான். அந்த இடைவெளியில் சாரம் பகுதியில் இருக்கும் வீட்டுக்கு ஓடிவந்து, அப்பாவுக்கு இன்சுலின் ஊசி போட்டு, சோறு போட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிட்டுத் திரும்புவேன். ஊசி போட்ட கால் மணி நேரத்துக்குள் சோறு உள்ளே போயாக வேண்டும். இதை டாக்டர் என்னிடம் மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை எனக்குக் கோபமே வந்துவிட்டது. நான் என்ன சின்னப் பிள்ளையா?

அன்று குக்கரில் கடைசி விசில் வந்ததும் ஊசியைப் போட்டேன். பிரஷர் அடங்கும்வரை என்று கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். காலையிலிருந்து நின்ற கால். கண் அசந்துவிட்டது.

கனவில் குக்கரைத் திறந்தேன். சோறு போட்டு ரசம் ஊற்றினேன். உப்பு பத்தவில்லை என்றார் அப்பா. "பேசாம சாப்புடுப்பா" என்றேன். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கடைக்குப் போனேன். பிறகு நாட்கள் ஓடின. கல்யாணக் கூட்டம் ஒன்றுக்குப் புடவை எடுத்துப் போட்டு மடித்தேன். காலாப்பட்டுக்கு பஸ் ஏறிப் போய்த் தோழி வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். மழையில் நனைந்து, காய்ச்சல் வந்து, தேறியும் விட்டேன். ஒரு வாரத்துக்குக் குறையாது.

விழித்தால், கடிகாரத்தில் ஒன்றே முக்கால். உட்கார்ந்து அரை மணிகூட ஆகவில்லை. அம்மாடி, ஒரு வாரம் இதற்குள் எப்படி அடங்கியது என்று எனக்கு ஒரே ஆச்சரியம். புடவை, பஸ், காய்ச்சல் எல்லாம் கனவு என்று சுலபமாகத் தள்ளிவிட்டேன். சோறு போட்டதை மட்டும் தள்ளத் தோன்றவில்லை. அது தினமும் நடப்பது, அந்த உப்புப் பஞ்சாயத்து உட்பட. அப்பா கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். உண்ட களைப்பு என்று நினைத்துக்கொண்டு, மகாராணி மாதிரி இன்னும் பத்து நிமிஷம் அந்தக் கனவை அசைபோட்டேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பசித்தது. குக்கரைத் திறந்தேன். சோறு மேல்மட்டம் கலையாமல் அப்படியே இருந்தது. கரண்டி பட்ட தடமே இல்லை.

ஓடிப்போய் அப்பாவைத் திருப்பினேன். பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. கை சில்லென்றிருந்தது. கூப்பிட்டதற்கு, "பஸ்ஸு வந்துடுச்சா?" என்று குழறினார்.

சுகர் இறங்கிவிட்டது, உடனே இனிப்பு கொடுத்தாக வேண்டும். வீட்டிலோ சர்க்கரை கிடையாது. திருடித் தின்கிறார் என்று வெல்லம்வரை எல்லாவற்றையும் ஒழித்தவள் நான்தான். பெரிய கெட்டிக்காரி! தெருவுக்கு ஓடினால் பெட்டிக்கடை, மளிகைக்கடை, மருந்துக்கடை எல்லாம் சாத்திக் கிடந்தன. எதிர்வீட்டு கேட்டைப் பிடித்து உலுக்கினேன். உள்ளே ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது. "அக்கா! அக்கா!" அந்த அக்கா எழுந்து, நைட்டி மேல் துண்டைப் போட்டு, சாவியைத் தேடி எடுத்து வருவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. கனவில் ஒரு வாரம் கண்மூடித் திறப்பதற்குள் ஓடியது. இங்கே ஒரு நிமிஷம் நகரவே மாட்டேன் என்றது.

"இன்னாடி ஆச்சி?"

"சக்கரை குடுக்கா. அப்பாவுக்கு ஊசி போட்டுட்டேன், சோறு போடல."

அவர் டப்பாவோடு என் பின்னாலேயே ஓடிவந்தார். தண்ணீரில் கரைத்து, அப்பாவின் தலையைத் தாங்கி வாயில் வைத்தேன். முதல் மடக்கு மோவாயில் வழிந்தது. "முழுங்குப்பா" என்று அதட்டினேன், பிறகு கெஞ்சினேன். இரண்டாவது மடக்கு உள்ளே போனது. கொஞ்சம் கொஞ்சமாக ஒரு டம்ளரும் போனது. பத்து நிமிஷத்தில் கண் தெளிந்து என்னைப் பார்த்தார்.

"எதுக்கு அழுவுற?"

"சோறு போட்டுட்டேன்னு நெனச்சிட்டேம்பா. கனவுல போட்டிருக்கேன்."

சோறு போட்டு நீட்டினேன். அவர் தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சாப்பிடத் தொடங்கினார். அக்கா வீட்டுக்குப் போனார்.

அப்பா பாதி சாப்பிடும்போது பிரான்ஸிலிருந்து அண்ணன் போன் செய்தான். உன்னால் ஒண்டியாக முடியாது, அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்று சில மாதங்களாக நச்சரித்துக்கொண்டிருப்பவன். ஸ்பீக்கரில் போட்டு அப்பாவின் பக்கத்தில் வைத்தேன். நடந்ததை அப்பாவே சொல்லிவிடட்டும், அதுதான் நியாயம் என்று நினைத்தேன்.

"சாப்ட்டியாப்பா?" என்றான் அண்ணன்.

"எப்பவோ சாப்ட்டேன்டா. ஊசி போட்ட ஒடனே சோத்தப் போட்டுடுவா. ஒரு நாளு தவறுனதில்ல" என்றார் அப்பா, கையில் பிசைந்த சோற்றோடு.